அத்தானை உடனே கனடாவுக்கு அழைத்துக்கொள்ள வேண்டி

ஆர்ட்மோரி,
13 மே 1991, திங்கட்கிழமை.

அன்புள்ள அக்கா எல்ஸ்பெத்துக்கு,

உன் தம்பி நார்மன் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் பூனை சுகம், உன் ரோஜாச் செடிகளில் இரண்டு சுகம். அங்கே மகள் கர்ஸ்டியும் அவள் பச்சைக் குழந்தையும் மாப்பிள்ளையும் நீயும் குளிர் விட்டு வெயில் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. போனில் கேட்டால் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றே உன் வீட்டுக்காரர் சொல்வதாகவும், நீயாவது உண்மையை எழுது என்றும் கேட்டிருந்தாய். அவர் பொய் சொல்லவில்லை, அக்கா. எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது. போனது எதுவும் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கோச் வேலையை எப்படியாவது விட வைத்து ஹாலிஃபாக்ஸுக்கு விமானம் ஏற்றிவிடு என்று நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். உடன்பிறந்தவர்கள் இத்தனை ஒத்துப்போவது நம் குடும்பத்தில் இதுவே முதல் தடவை. கிளப்பின் செயலாளராகவும் அவருடைய மைத்துனனாகவும், ஒன்பது வருடம் அவருக்குப் பின்னால் கோல்கீப்பராக நின்று அவர் முதுகை மட்டுமே பார்த்து வாழ்ந்தவனாகவும் சொல்கிறேன். டூகல் பெட்ரி என்ற தடுப்பாட்டக்காரரைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் இந்தக் கடற்கரையில் இல்லை. பதினேழு வயதில் மீன் ஏலக்கூடத்திலிருந்து நேராக மைதானத்துக்கு வந்தவர். அன்று அவரிடம் மீன் வாசம் வந்ததால்தான் எதிரணி ஃபார்வர்டுகள் கிட்டே வரவில்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை; அவர் அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டார். மூக்கு மூன்று முறை உடைந்தது. கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை இடது கண் வீங்கியதால், போட்டோக்காரர் உங்கள் இருவரையும் ஒரே பக்கமாக நிற்க வைத்துத்தான் எல்லாப் படத்தையும் எடுத்தார். பதினெட்டு வருட ஆட்டத்தில் அவர் அடித்த கோல் மொத்தம் பதினொன்று. அதில் எதிரணி வலையில் விழுந்தவை நான்கு. மீதியை நான்தான் குனிந்து எடுத்தேன். ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்த்து, "மச்சான், நீ கொஞ்சம் முன்னாடி வந்திருக்கணும்" என்பார்.

ஸ்காட்லாந்து அணிக்கு ஒரே ஒரு முறை ஆடினாரே, பதினொரு நிமிடம், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். நிமிடத்துக்கு ஒரு வருடம் என்று கணக்கு வைத்தாலும் அதைப் பற்றிப் பேசி முடித்திருக்க வேண்டும். அவர் இன்னும் நான்காவது நிமிடத்தில்தான் இருக்கிறார்.

இப்படிப்பட்டவரை நம் கமிட்டி போன ஆகஸ்டில் கோச் ஆக்கியது. அவருக்குத் தெரிந்த உத்தி ஒன்றே ஒன்று. "பின்னாடி வா." கோல்கீப்பரிடமும் அதையேதான் சொன்னார், அவன் வலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு இதற்கு மேல் எங்கே போவது என்று கேட்டான். பத்துப் பேர் கோலை அடைத்துக்கொண்டு நிற்க, ஒருத்தன் மட்டும் நடுக்கோட்டில் தனியாகக் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பான். அவன்தான் நம் ஃபார்வர்டு கேலம். பதினாறு ஆட்டம் கோலே இல்லாமல் சமநிலை. ஊர் ஜனங்கள் மைதானத்துக்குப் பின்னல் ஊசி கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஆட்டம் முடிவதற்குள் ஒரு கையுறை முடிந்துவிடுகிறது என்று பேக்கரிக்காரர் மனைவி மிகவும் திருப்தியாகச் சொன்னார்.

நீ மார்ச்சில் கனடா போன பிறகு வீட்டு நிலைமை இது. உன் சமையலறை மேஜைதான் இப்போது மைதானம். மிளகு டப்பா, உப்பு டப்பா, முட்டைக் கிண்ணங்கள் எல்லாம் ஆட்டக்காரர்கள். நீ போட்டு வைத்துவிட்டுப் போன ஆரஞ்சு ஜாம் கோல்கீப்பர். ஆட்டம் நடுவில் இருப்பதால் அதை யாரும் திறக்கக் கூடாதாம். இரண்டு மாதமாக வெறும் ரொட்டியை மெல்கிறேன். கிளப்பின் சலவைக்காரம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட வாரம், பதினான்கு வெள்ளைச் சட்டைகளையும் உன் இயந்திரத்தில் தானே துவைப்பதாகக் கிளம்பினார். கூடவே உன் சிவப்பு மேஜை விரிப்பும் போயிருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நம் ஆர்ட்மோரி திஸில் அணி இளஞ்சிவப்பில் இறங்கியது. எதிரணி சிரித்துச் சிரித்து ஓட முடியாமல் போனதால் ஒரு பாயிண்ட் கிடைத்தது. அத்தான் அதையும் தன் திட்டம் என்றே சொன்னார்.

அதற்கடுத்து மைதானத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டதென்று பயிற்சியைக் கடற்கரைக்கு மாற்றினார். நாற்பத்தைந்து வருடமாக இந்தக் கடலோரம் வாழும் மனிதருக்கு, கடலில் நீர் ஏறும் இறங்கும் என்ற சங்கதி அன்றைக்குத்தான் தெரிந்தது. கிளப்பின் பந்துகளில் ஏழு நார்வே பக்கம் போயின. அங்கிருந்து நன்றிக் கடிதம் ஒன்றும் இதுவரை வரவில்லை.

பந்து போனால் போகட்டும், கேலம் கதையைக் கேள். இந்த வருடம் நாம் அடித்த ஒன்பது கோலில் ஏழு அவனுடையது. மூன்று வாரத்துக்கு முன்னால், ஃபார்வர்டுக்கும் தடுக்கத் தெரிய வேண்டும் என்று அத்தானுக்கு ஞானம் வந்தது. "இப்படிப் பாரு, தோளை இப்படிக் குடுக்கணும்" என்று கோட்டும் பூட்ஸுமாகத் தானே ஓடிவந்து காட்டினார். அவ்வளவு துல்லியமான தடுப்பை அவர் ஆடிய காலத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கேலமுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்பப் புரிஞ்சுதா, எப்படித் தடுக்கிறதுன்னு?" என்று கேட்டார். புரிந்தது என்று தலையாட்டக்கூட அவனால் முடியவில்லை.

இந்த லட்சணத்தில் கடைசி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். போன சனிக்கிழமை, இன்வர்கெல்லி அணியோடு, நம் மைதானத்தில். தோற்றால் லீக்கிலிருந்து நீக்கம். நூற்றுப் பத்து வருடக் கிளப், அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை அணிகளோடு பூங்காவில் ஆட வேண்டியதுதான். சமநிலை போதும், தப்பித்துவிடலாம். பின்னாடி நிற்பது மட்டுமே தெரிந்த கோச்சுக்கு ஆண்டவனே அனுப்பிய ஆட்டம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வியாழக்கிழமைப் பயிற்சியில் எதிர்க்காற்றில் "பின்னாடி வா" என்று இரண்டு மணி நேரம் கத்தியதில் அத்தானுக்குத் தொண்டை சுத்தமாகப் போய்விட்டது. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். டாக்டரும் நம் மைதானத்துக்குச் சீட்டு வாங்கி வருகிறவர். மருத்துவக் காரணம் மட்டும்தானா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

ஆகவே அத்தான் என் காதில் முணுமுணுப்பது, நான் அதை மைதானத்துக்குக் கத்துவது என்று ஏற்பாடு. முதல் பாதி வழக்கம்போல ஓடியது. பேக்கரிக்காரர் மனைவி கட்டைவிரல் வரை பின்னிவிட்டார். இரண்டாம் பாதியில்தான், அக்கா, ஊரே வாயைப் பிளந்தது. நம் ஆட்கள் முன்னால் போக ஆரம்பித்தார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, ஆறேழு பேர், மாட்டுக் கொட்டிலைத் திறந்துவிட்ட மாதிரி. எதிரணியின் பாதியில் புல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. ஐந்து நிமிடம் ஆனந்தமாக இருந்தது. ஆறாவது நிமிடம் இன்வர்கெல்லிக்காரன் ஒருத்தன் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். தடுக்க வேண்டியவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோல்.

அதற்கப்புறம் அரை மணி நேரம் நான் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது. முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது நம் ஃபின்லே, மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறானே, எட்டு வருடமாக நடுக்கோட்டைத் தாண்டாத அந்தத் தடியன், நேராக எதிரணி கோல் முன்னால் போய் நின்றுகொண்டான். கார்னரிலிருந்து வந்த பந்து அவன் காதிலோ கன்னத்திலோ பட்டு உள்ளே போனது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. எல்லாரும் மேலே விழுந்து கட்டிப்பிடித்தபோது அடிக்க வருகிறார்கள் என்று நினைத்து இரண்டு பேரைத் தள்ளிவிட்டான். ஒன்றுக்கு ஒன்று. தப்பித்தோம்.

தப்பித்ததற்கு நன்றி சொல்லும் வழக்கம் நம் கமிட்டிக்கு உண்டா? தலைவர் வாலஸ் டஃப், கறிக்கடைக்காரர், உடை மாற்றும் அறைக்கே வந்துவிட்டார்.

"சமநிலை போதும்னு பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எதுக்குய்யா எல்லாரையும் முன்னாடி அனுப்புன? கிளப்பையே குழிதோண்டிப் புதைக்கப் பாத்தியே."

அத்தானால் பேச முடியாது. தின்ற இறைச்சிப் பண்டம் சுற்றிவந்த எண்ணெய்க் காகிதத்தை எடுத்து, என் பேனாவை வாங்கி, "நான்தான் சொன்னேன்" என்று எழுதிக் காட்டினார். வாலஸ் அதைப் படித்துவிட்டு, இனி புதன்கிழமைக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் வீட்டுக்குப் போனேன். மேஜை துடைத்து வெறுமையாக இருந்தது. மிளகு, உப்பு எல்லாம் அலமாரிக்குப் போயிருந்தன. ராஜினாமாக் கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருந்தார். கூட்டத்தில் கொடுத்துவிடு என்று என் கையில் தந்தார். "எல்ஸ்பெத்துக்கு எழுது மச்சான், வந்துடறேன்னு. அங்க புல்லு வெட்டற வேலையாவது இருக்கும்" என்றார், காற்று மாதிரி ஒரு குரலில். ஆரஞ்சு ஜாமைத் திறந்து எனக்குத் தடவிக் கொடுத்தார்.

ஆக, நீ கேட்டது நடந்துவிட்டது. தம்பி என்ற முறையில் கடமையை முடித்தேன். விமானச் சீட்டுக்கு அடுத்த வாரம் சொல்லி வைக்கிறேன். பெட்டியில் பூட்ஸ் வைக்க விடமாட்டேன். கர்ஸ்டிக்கு என் அன்பு. குழந்தை நீண்ட ஆயுளோடும், கடவுள் புண்ணியத்தில் அப்பா வீட்டுக் கால்களோடும் வளரட்டும். மாப்பிள்ளைக்கு வணக்கம். உன் பூனை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லவில்லை.

என்றும் உன் அன்புத் தம்பி,
நார்மன் கெட்டிஸ்

பின்குறிப்பு: செவ்வாய் மதியம். தபால் பெட்டி வரை போனேன், இந்தக் கடிதத்தைப் போட முடியவில்லை, திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை அத்தானுக்குக் கிறுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. அவர் கடைசிவரை என் காதில் சொன்னது "பின்னாடி வரச் சொல்லு" என்றுதான். "முன்னாடி போங்கடா" என்று கத்தியது நான். ஒன்பது வருடம் வலைக்குள் நின்று அடக்கி வைத்தது, ஒரு வாய் கிடைத்ததும் வெளியே வந்துவிட்டது. கோல் விழுந்ததும் என் காலரைப் பிடித்து இழுத்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். "மச்சான், எனக்குத் தொண்டைதான் போச்சு. காது நல்லாவே கேக்குது" என்றார். அப்புறம், கடைசியில், "ஃபின்லேயை மேல போகச் சொல்லு. இதையாவது நான் சொன்னபடி கத்து" என்றார். கத்தினேன். அந்த ஃபின்லே யோசனை முழுக்க அவருடையது. அப்படியிருந்தும் அந்த எண்ணெய்க் காகிதத்தில் அவர் எழுதியபோது நான் பக்கத்தில் நின்று கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை வாலஸ் கடைக்குப் போய், தொத்திறைச்சி வாங்க நின்ற வரிசைக்கு முன்னால், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். என் செயலாளர் பதவி அங்கேயே போயிற்று, அத்தானுடைய வேலை தப்பியது. ராஜினாமா உறையை வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டேன். அத்தானிடம் சொன்னதற்கு, மேஜையில் மறுபடி மிளகு டப்பாவை எடுத்து வைத்தார்.

நீ "வாங்க" என்று ஒரு வரி எழுதினால் அவர் கிளம்பிவிடுவார். அதனால் எழுதாதே, அக்கா. நீ என்னைத் திட்டுவது நியாயம். ஜூலையில் நீயே வந்து நேரில் திட்டு. ஆகஸ்டில் ஆட்டம் தொடங்குகிறது. கோல்கீப்பருக்குப் பயிற்சி கொடுக்க அத்தான் என்னைக் கேட்டிருக்கிறார். மைதானத்துக்குள் நான் வாயே திறக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.