குறை சொல்லப் போனவர்

"படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?"

"படிச்சேன்டி, முதல் பக்கம்..."

"மிச்சப் பக்கத்தை யாரு படிப்பா, பக்கத்து வீட்டுக்காரனா?"

"நீ வீட்டைப் பார்த்தேன்னா..."

"பார்த்தேனே! சுவத்துல கை வச்சா சுண்ணாம்பு கையோட வருது!"

மருந்துக்கடைக்காரர் மனைவியிடம் வசமாக மாட்டிக்கொண்டார். வாங்கி வாடகைக்கு விடலாம் என்று ஒரு பழைய வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். மகளின் மேல்படிப்புக்கென்று சேர்த்த பணம்.

மனைவியின் அண்ணன் வக்கீல். ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாப்பிள்ளை, மாசக் கடைசிக்குள்ள நீங்க பதிவு பண்ணலைன்னா முன்பணம் அம்பேல். வீட்டுக்காரம்மா பின்வாங்கினா உங்களுக்கு ரெண்டு மடங்கு."

"அப்போ அந்தம்மாவே வெறுத்துப்போய்ப் பின்வாங்கிட்டா?" என்றாள் தங்கை.

"நீ கேக்கலை. என் காதுலயும் விழலை."

மறுநாளே மருந்துக்கடைக்காரர் குறை சொல்லக் கிளம்பினார். வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்.

"சுவரெல்லாம் உதிருதேம்மா. இதை எப்படிப் பதிவு பண்றது?"

எகிறிக் குதிப்பார் என்று பார்த்தால், "நியாயம்தானே தம்பி" என்றார் அந்த அம்மாள். அடுத்த வாரம் சுவர் வழவழவென்று நின்றது.

குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்றார். புதுக் குழாய் வந்தது. கதவு முனகுகிறது என்றார். கதவே மாறியது.

"இன்னிக்காவது கோபப்பட்டாங்களா?"

"எங்க! 'வேற ஏதாவது இருக்கா தம்பி'ன்னு கேக்கறாங்க. காபி வேற. என்ன ஒரு மனுஷி!"

"உங்களை அனுப்பினது சண்டை போட. சர்டிபிகேட் குடுக்க இல்ல."

மறுமுறை மனைவியே உடன் வந்தாள். வந்ததும் ஆரம்பித்தாள்.

"சமையலறையா இது? ஒரே இருட்டு. மனுஷங்க சமைப்பாங்களா இங்க?"

"எனக்கும் வருஷக்கணக்கா அதே குறைதாம்மா. எந்தப் பக்கம் வெளிச்சம் வேணும்? நீயே சொல்லு."

அவள் சொல்லிவிட்டாள். அலமாரி எங்கே, மேடை எவ்வளவு உயரம், எல்லாம் சொல்லிவிட்டாள். வீடு திரும்பும்வரை பேசவில்லை. செருப்பைக் கழற்றும்போது, "ஜன்னலை இன்னும் கொஞ்சம் பெருசாக் கேட்டிருக்கலாம்" என்றாள்.

மாசக் கடைசியில் வீட்டுக்காரம்மாவே போன் செய்தார். "தம்பி, நாளைக்குக் கடைசி நாள். பதிவுக்கு வர்றீங்கதானே?"

மனைவி போனைப் பிடுங்கினாள். "மேடை பூசி முடியாம நாங்க வர்றதா இல்ல!" இதற்காவது கோபம் வராமலா போகும் என்று கணவரைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"சரிம்மா. அதையே எழுதி அனுப்பிடு. எனக்கு மறதி."

உடனே எழுதி அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து அவளே, "ஏங்க, அந்த வீட்டை வாங்கிடலாமா?" என்றாள். இதற்காகவே காத்திருந்தவர் போல மருந்துக்கடைக்காரர் வக்கீலிடம் ஓடினார்.

வக்கீல் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தார். "எந்தப் புத்திசாலி அனுப்பினது இதை?"

இருவரும் ஒருவரையொருவர் காட்டினார்கள்.

"தேதி போச்சு, முன்பணமும் போச்சு. வரமாட்டோம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அந்தம்மா மேல ஒரு தூசி சொல்ல முடியாது." ஒப்பந்தத்தை இன்னொரு தரம் ஆசையோடு புரட்டினார். "இவ்வளவு சுத்தமா நானே ஒண்ணு எழுதினதில்லை."

காலில் விழுந்தாவது கேட்டுப் பார்ப்போம் என்று இருவரும் அந்த வீட்டுக்கு ஓடினார்கள். அம்மாள் வெளியே போயிருந்தார். கொத்தனார் மட்டும் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். புது ஜன்னல் வழியே வெயில் மேடை முழுக்கப் பரவிக் கிடந்தது.

"பாருங்களேன், நான் சொன்ன உயரம்!" மனைவி மேடைக்கு ஓடினாள். "எதிராளி சொன்னதை இப்படி ஒண்ணு விடாம யாருங்க செய்வா?"

கொத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு இருவரையும் மரியாதையாகப் பார்த்தார்.

"போன தடவை வாங்க வந்தவர் கூரை. அதுக்கு முந்தினவர் குளியலறை. அப்போ நீங்கதான் சமையலறையா சார்?"