மேட்டுத்தெருவின் காலி பாக்கெட்டுகள்

வரி என்பது ஒரு தேசத்தின் மனசாட்சி. சிகரெட் வரி எவ்வளவு ஏறினாலும் யோக்கியன் ஒன்று புகைப்பதையே விட்டுவிடுவான், அல்லது வரியைக் கட்டுவான். கள்ளச் சரக்கைக் கையால் தொடமாட்டான்.

இப்படி அறிக்கையில் எழுதிவிட்டு, அரசாங்க வரி ஆலோசகர் லோர்கன் ட்வோமி மேட்டுத்தெரு வீட்டில் உட்கார்ந்தபடி வெள்ளி டப்பாவைத் திறந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். கடையில் விற்கும் அட்டை பாக்கெட்டைக் கையில் பிடிப்பது கௌரவக் குறைச்சல் என்பது அவர் கட்சி. இந்த அறிக்கை சாயங்காலத்துக்குள் டப்ளினில் அமைச்சரைச் சேர்ந்தால், தலைமை ஆலோசகர் பதவி அவருக்குத்தான்.

அதற்குள் டெக்லன் வந்து சேர்ந்தார். அயர்லாந்தின் கார்க் நகரத் தெருக்களில் காலி சிகரெட் பாக்கெட்டுகளைப் பொறுக்கி, வரி முத்திரை இல்லாதவற்றைக் கணக்கெடுப்பது அவர் வேலை.

"சார், துறைமுகத்துப் பக்கம் பாதிக்குப் பாதி கள்ளச் சரக்கு."

"துறைமுகத்துல வேற என்னய்யா கிடைக்கும்? கௌரவமானவங்க இருக்கற இடத்துல பொறுக்கும். எங்க மேட்டுத்தெருவுல பொறுக்கும்!"

டெக்லன் மழையில் தொப்பலாக நனைந்து திரும்பினார்.

"இந்தத் தெருவுல சிகரெட் பிடிக்கறவங்களே கம்மி, சார். கிடைச்சது அத்தனையும் கள்ளச் சரக்கு."

"எவனோ ஒருத்தன் தெரு மானத்தையே வாங்கறான்!"

கோபத்தில் லோர்கன் அமைச்சரின் செயலாளரையே தொலைபேசியில் பிடித்தார். "இன்னிக்கே ஆளைப் பிடிச்சு, பேரோட அறிக்கையில போடறேன். நீங்களே பத்திரிகைக்குக் கொடுங்க!"

பிறகு டெக்லன் பக்கம் திரும்பினார். "காத்துல எவன் வீட்டுக் குப்பைத்தொட்டியோ கவுந்திருக்கு. போய்க் கண்டுபிடியும்!"

டெக்லன் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"தொட்டி கிடைச்சிருச்சு, சார்."

"சபாஷ்! யாரோடது?"

டெக்லன் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். "உங்களோடது."

"சதி! கள்ளச் சிகரெட்டை ஒரே இழுப்புல சொல்லிடுவேன்யா நான். வைக்கோல் நாத்தம் அடிக்கும்!" டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பற்றவைத்து ஆழமாக இழுத்தார். "நுவாலா! நம்ம தொட்டியில இதைக் கொண்டுவந்து போட்டது யாரு?"

தொலைபேசி அடித்தது. டப்ளின்தான்.

தேநீரோடு வந்த மனைவி நுவாலா, டெக்லன் கையிலிருந்த பாக்கெட்டை எட்டிப் பார்த்தாள்.

"நான்தான். நீ வரியை ஏத்த வச்சதுலேருந்து உன் வெள்ளி டப்பாவுல இதைத்தானே வாங்கி அடுக்கறேன்."