ஏழாம் நம்பர் மலையில் ஒரு பேய்

வாய்விட்டு ஜெபம் பண்ணத் தெரியாத கிறிஸ்தவன் நான் என்பதைக் கண்டுபிடிக்க, யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுப் பூண்டுலோயா வரை போக வேண்டியிருந்தது. ஊரில் எங்கள் கோயிலில் ஜெபங்கள் எல்லாம் புத்தகத்தில் அச்சடித்துத் தயாராக இருக்கும். வாசித்துவிட்டு ஆமென் சொன்னால் கணக்கு முடிந்தது. அதைத்தான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணக்கு ஆசிரியராக முதல் நியமனம். பள்ளி விட்டதும் பிள்ளைகள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போய்விடுவார்கள், மற்ற ஆசிரியர்கள் பஸ்ஸுக்கு ஓடுவார்கள், நான் குவார்ட்டர்ஸுக்குப் போவேன். அங்கே என் அறையில் நானும் ஒரு கண்ணாடியும்தான். கண்ணாடியில் இருந்தவனோடு பேசவும் முதல் மாதத்திலேயே விஷயம் தீர்ந்துவிட்டது. ஞாயிறு பின்னேரம் பனி வந்து ஜன்னலை மூடினால், அழுகை வந்துவிடும். அம்மா ஊரிலிருந்து போன் பண்ணினால் மட்டும், "நல்ல சுகமா இருக்கிறன்" என்பேன்.

அப்போதுதான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஞானசேகர் அண்ணன் என்னைத் தன் லயத்து வீட்டில் புதன்கிழமை நடக்கும் ஜெபக்குழுவுக்குக் கூப்பிட்டார். பாயில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்காருவோம். ஒரு பாட்டு, கொஞ்சம் வேத வாசிப்பு, பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சொந்த வார்த்தையில் ஜெபிக்க வேண்டும். அண்ணனின் மனைவி ரெபேக்கா அக்கா கொழுந்து பறிப்பவர். அவர் ஜெபம் பக்கத்து வீட்டாரோடு பேசுவது போலத்தான் இருக்கும். "ஆண்டவரே, கூரைத் தகரம் ஒழுகுது. நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

என் முறை வந்தது. எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன், மூடினேன், "ஆமென்" என்றேன். அடுத்த புதன்கிழமை தொண்டையைச் செருமிவிட்டு அதே "ஆமென்". (முன்னேற்றம்!)

"சார் ரொம்பச் சுருக்கமா முடிச்சிட்டாங்க" என்றார் ரெபேக்கா அக்கா, தேத்தண்ணியும் ரொட்டியும் நீட்டியபடி. யாரும் கேலி செய்யவில்லை. ஆனாலும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இப்படியே ஊமையாக இருந்தால் ஒருநாள் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்களோ? அந்த மலையில் "சாப்பிட்டீங்களா சார்?" என்று யாராவது என்னைக் கேட்டது அந்த வீட்டில் மட்டும்தான். அதையும் இழந்தால் நான் திரும்பவும் கண்ணாடியிடம்தான் போக வேண்டும்.

ஆகவே ஒத்திகை பார்ப்பது என்று தீர்மானித்தேன். குவார்ட்டர்ஸில் முடியாது. பக்கத்து அறையில் பாடசாலை அதிபர், நடுவில் பலகைச் சுவர். தோட்டத்தில் தேயிலைக்காடுகளை மலை என்று சொல்லி நம்பர் போட்டிருப்பார்கள். ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்து முடித்துவிட்டார்கள், ஆள் இருக்காது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வெள்ளைச் சட்டை, மங்கி கேப் சகிதம் அங்கே ஒரு பாறையில் ஏறி நின்று கண்ணை மூடினேன். பனி என்னையும் மூடியது.

பாறைக்குக் கீழேதான், கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பும் குறுக்குப் பாதை போகிறது என்பது கணக்கு வாத்தியாருக்கு எப்படித் தெரியும்?

முதலில் வார்த்தை முட்டியது. பிறகு என்ன நடந்ததோ, மடை திறந்துவிட்டது. "ஆண்டவரே, நான் தனியாக இருக்கிறேன்! என்னிடம் வாரும்! வாரும்!" என்று மலை அதிரக் கத்தினேன். எனக்கே ஆச்சரியம். இவ்வளவும் உள்ளே இருந்ததா? கண்ணீர் வழிய வழிய மனதில் கிடந்தது எல்லாவற்றையும் கொட்டினேன். கீழே ஏதோ அலறல் கேட்டது. நரியாக்கும் என்று நினைத்துத் தொடர்ந்தேன்.

எவ்வளவு நேரம் போனதோ, திடீரென்று முகத்தில் ஒரு பிடி திருநீறு வந்து விழுந்தது. கண்ணைத் திறந்தால் கையில் தட்டோடு கோயில் பூசாரி, தடியோடு நாலு ஆம்பிளைகள், பின்னால் பெண்கள் கூட்டம். கொழுந்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா டோர்ச்சை என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"யாரு நீ? எந்த ஊருப் பேயி?"

"நான் பேயில்லையுங்கோ! கணக்கு வாத்தியார்!" (என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.)

"ஐயோ, இது நம்ம சாரு!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரெபேக்கா அக்கா ஓடி வந்தார்.

"யாரை சார் வா வான்னு கூப்பிட்டீங்க?" என்றார் கண்டாக்கையா.

"கடவுளை."

கண்டாக்கையா தலையில் கை வைத்தார். "அவரை கோயிலுக்குக் கூப்பிடக்கூடாதா சார்? ஏழாம் நம்பருக்கா வரச் சொல்றது?"

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். பெண்கள் கேட்டதை எல்லாம் ஒப்பிக்கத் தொடங்கினார்கள். "ஞாயித்துக்கிழமை பொழுது போகவே மாட்டேங்குதுன்னு சொல்லுச்சுங்க." "தனியா சோறு எறங்கலன்னு அழுதுச்சு." "அம்மாகிட்ட சுகமா இருக்கேன்னு பொய் சொல்றேன்னுச்சுங்க." கடவுளுக்கு மட்டும் என்று சொன்னது அத்தனையும் டோர்ச் வெளிச்சத்தில் வரிசையாக வந்தது. சட்டையில்லாமல் நின்றிருந்தால்கூட அவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது. முதலில் சிரித்தவர்கள் மெல்ல மெல்லச் சிரிப்பை நிறுத்தினார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் புதன். இனி அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று முடிவு செய்து, லைட்டைப் போடாமல் கட்டிலில் கிடந்தேன். கதவு தட்டப்பட்டது. பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஞானசேகர் அண்ணன், ரொட்டிப் பாத்திரத்தோடு ரெபேக்கா அக்கா, பின்னால் குழு முழுவதும். பேயை நல்ல வெளிச்சத்தில் பார்க்க ஆசைப்பட்டு, அக்காவோடு கொழுந்தெடுக்கும் இரண்டு பெண்களும் நெற்றியில் திருநீறோடு வந்திருந்தார்கள்.

"இன்னைக்குக் கூட்டம் இங்கதான் சார்" என்று அண்ணன் பாயை விரித்தார். என்னை யாரும் கேட்கவில்லை.

வட்டம் சுற்றி என் முறை வந்தது. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"சார் சும்மா இருங்க" என்றார் ரெபேக்கா அக்கா. "உங்க ஜெபந்தான் எங்களுக்குப் பாடமாச்சே, நாங்க சொல்றோம்." கண்ணை மூடினார். "ஆண்டவரே, சாருக்குத் தனியா சோறு எறங்க மாட்டேங்குதாம். நேத்து அவரே சொன்னாரு, உங்களுக்கும் கேட்டிருக்கும்..."

அன்றைக்கும் என்னால் சொல்ல முடிந்தது ஆமென் மட்டுந்தான். ஆனால் அதை முதன்முறையாக மனதாரச் சொன்னேன். என் வாய் அடைத்துப்போனால் இன்னொருவர் வாயால் ஜெபம் போகும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இப்போது யாழ்ப்பாணத்தில் மனைவி, மகளோடு இருக்கிறேன். ஞாயிறு பின்னேரங்களில் ரெபேக்கா அக்காவிடமிருந்து போன் வரும். மகள் எடுத்தால் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, "அப்பா, பேய்க்குப் போன்!" என்று கத்துவாள். அக்கா கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்.

"பேய் சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுட்டுது அக்கா" என்பேன்.

போன ஞாயிறு மனைவியும் மகளும் ஊரில் இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். போன் வந்தது. வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஏனோ, "இன்னும் இல்லையக்கா" என்றேன்.

அந்தப் பக்கம் அக்கா வீட்டுக்குள் திரும்பிக் கத்துவது கேட்டது: "ஏங்க, பாயை விரிங்க! பேய் இன்னும் சாப்பிடலையாம்!"