கல்விக் கசிவு

மனிதன் தராசைக் கண்டுபிடித்ததே, எங்கள் மதிப்பீட்டு அலுவலகம் ஒருநாள் பிறக்கும் என்ற நம்பிக்கையில்தான். எதையும் அளந்துவிடுவோம். அளக்க முடியாததை இல்லையென்று எழுதிவிடுவோம்.

இம்முறை அளக்கக் கிடைத்தது பழங்குடிப் பிள்ளைகளின் படிப்பு. ஆற்றின் இக்கரைக் குடியிருப்பில் ஓர் ஆசிரியை, அவர்கள் மொழியிலேயே தொடங்கிப் பாடம் சொல்லும் வகுப்பை நடத்திவந்தார். அரசுப் பள்ளியில் ஒன்றும் புரியாமல் ஓடிவந்த பிள்ளைகள் இங்கே ஒட்டிக்கொண்டார்கள். அக்கரைக் குடியிருப்புக்கு வகுப்பு கிடையாது. அது 'ஒப்பீட்டுக் குழு'. அதாவது, திட்டத்தின் வெற்றிக்காகப் படிக்காமல் இருக்கும் திருப்பணி அவர்களுடையது. இரு கரைக்கும் வித்தியாசம் தெரிந்தால் வகுப்பு தொடரும். தெரியாவிட்டால் பூட்டு.

களத்துக்கு என்னை அனுப்பினார் இயக்குநர். "உங்களுக்கென்ன, எத்தனை நாள் தங்கினாலும் வீட்ல யாரும் தேடப்போறதில்ல" என்றார். என் மனைவி இறந்தபின் அலுவலகம் எனக்குச் செய்த முதல் மரியாதை அது.

தேர்வு வைத்தேன். இக்கரைப் பிள்ளைகள் கடகடவென்று வாசித்தார்கள். அக்கரைப் பிள்ளைகளும் கடகடவென்று வாசித்தார்கள். பதறிப்போய் இயக்குநருக்குப் போன் போட்டேன்.

"வகுப்பே இல்லாம அவங்க எப்படிப் படிச்சாங்க?"

"எல்லாம் அத்தை பிள்ளை, மாமா பிள்ளைங்க சார். சாயங்காலம் ஒண்ணா விளையாடுறாங்க. இங்க படிச்சத அங்க போய்ச் சொல்லிக் குடுத்துடுறாங்க."

"அதுக்கு யாரு அனுமதி குடுத்தது?"

உடனே 'அவசரக் கூட்டம்' கூடியது. குற்றத்துக்குக் 'கல்விக் கசிவு' என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் கிடைத்த திருப்தியில் கூட்டம் கலைந்தது. கசிவை அடைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஆசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"படிப்பு பரவினா நல்லதுதானே சார்?"

"நல்லதுதாம்மா. கணக்குக்குத்தான் ஆகாது. மறுதேர்வு வரைக்கும் பிள்ளைங்கள வாயைத் திறக்காம இருக்கச் சொல்லுங்க. இல்லன்னா வகுப்ப மூடிடுவாங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் வகுப்பு பிழைக்க வேண்டுமே. பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு நடத்துறத அக்கரையில யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சரியா?"

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "ஏன் டீச்சர், கெட்ட வார்த்தையா?"

அன்று நடத்தியது வகுத்தல் கணக்கு. சொல்லக்கூடாத சங்கதி என்று ஆனபின் அதைக் கையில் பிடிக்க முடியுமா? இருட்டுவதற்குள் காதோடு காதாக அக்கரை முழுக்கப் போய்விட்டது. அதுவரை கூட்டலுக்கே கொட்டாவி விட்ட சோம்பேறிகள்கூட மீதி எவ்வளவு என்று கிசுகிசுத்துக்கொண்டு திரிந்தார்கள். மறுதேர்வில் அக்கரை ஒரு படி முந்திவிட்டது.

"இப்ப என்ன எழுதப்போறீங்க சார்?" என்றார் ஆசிரியை.

"உள்ளத எழுதுவேம்மா."

"உள்ளதுன்னா, ஒரு வகுப்பு வச்சோம், ரெண்டு கரையும் படிக்குதுன்னா?"

"அப்படி எழுத எங்க அறிக்கையில இடமில்லம்மா."

"பின்ன எதுக்கு சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அதற்கும் அறிக்கையில் இடமில்லை. 'வகுப்பினால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஏதுமில்லை' என்று எழுதினேன். வகுப்பு மூடப்பட்டது. ஆசிரியை வேறு வேலை தேடிப் போனார். வீண்செலவைத் தடுத்த இயக்குநருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, முடிவைச் சரிபார்க்க மறுபடியும் என்னையே அனுப்பினார்கள். பழைய வகுப்பறையில் யாரோ விறகு அடுக்கியிருந்தார்கள். புதிதாகத் தலையெடுத்த பிள்ளைகளிடம், இரு கரையிலும், அதே வாசிப்புப் பக்கத்தை நீட்டினேன். புரட்டிப் பார்த்தார்கள். படம் இல்லையென்று திருப்பித் தந்தார்கள்.

இயக்குநர் துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா, இப்பவும் ரெண்டு கரைக்கும் வித்தியாசமே இல்ல! நாம சொன்னது எவ்வளவு கரெக்ட்!"

கரெக்ட்தான். ஆனால் அடக்கத்தினால் ஒன்றைச் சொல்லாமல் விட்டார். அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில், யார் கண்ணுக்கும் தெரிகிற அளவுக்கு வித்தியாசத்தை உண்டாக்கிய ஒரே திட்டம் எங்கள் மதிப்பீடுதான்.