பித்தளைப் பின்னுக்குள் புகுந்த பேய்

உதிரிபாகக் கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. ஹாரன் ஊமையான ஆட்டோ, பாதி வழியில் படுத்துக்கொண்ட லாரி என்று எல்லாம், வண்டிக்குள் புகுந்த பேயை ஓட்டும் 'வண்டிச் சாமி'யின் அருளுக்காக வரிசை கட்டி நின்றன. சாமி டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, கண்ணை மூடி முணுமுணுப்பார். விளக்கு எரியும். பேய் ஓடும். ஒரு வாரத்தில் திரும்பியும் வந்துவிடும். பழகிய இடத்தை விட்டுப் போக அதற்கும் மனசு வருமா!

பள்ளி வேன் ஓட்டும் அக்கா பேயைத் தேடி வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வளைவில் திரும்பும்போது முன்விளக்கு பொசுக்கென்று அணைந்தது. வேன் நிறையப் பிள்ளைகள். அவர்கள் போட்ட அலறல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயர்களை இணைக்கும் கனெக்டரைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு பித்தளைப் பின் கருகித் தளர்ந்திருந்தது. காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கியும் அந்த அளவில் கிடைக்கவில்லை.

"இந்தப் பின்னா? வர்றதே நின்னுபோச்சும்மா," என்றார் கடைக்காரர். "சாமிகிட்ட காட்டிருங்க."

அதற்குள் அவள் கணவன் வேனை வரிசையில் விட்டிருந்தான். "ஒரு தடவை காட்டினா என்ன குறைஞ்சிடும்?"

சாமி வந்தார். "பொல்லாத பேய்!" என்றபடி உள்ளே கையை நீட்டினார்.

அக்கா குறுக்கே நின்றாள். "மந்திரந்தானே சாமி? வெளிய நின்னே சொல்லுங்க."

"தொடாம எப்படிம்மா ஓட்டுறது?"

"உங்களப் பாத்தா அது தானா ஓடணும்ல?"

கூட்டம் சிரித்தது. மானத்தைக் காப்பாற்ற, சாமி கையைக் கட்டிக்கொண்டு முணுமுணுத்தார். பிறகு கத்தினார். தொண்டைதான் கட்டியது.

அக்கா உள்ளே கை விட்டு கனெக்டரை அழுத்திப் பிடித்தாள். பளிச்! கையை எடுத்தாள். அணைந்தது. "எனக்கு ஒரு மந்திரமும் தெரியாதுங்க."

"அப்ப என் வண்டியிலயும் இதத்தான் செஞ்சியா?" லாரிக்காரர் சாமியின் துண்டைக் கொத்தாகப் பிடித்தார்.

"யோவ் மச்சான், அந்தப் பின்னைக் குடுத்துத் தொலைய்யா!" என்று கடையைப் பார்த்து அலறினார் சாமி.

"மச்சானா?" கூட்டம் மொத்தமும் திரும்பியது. கடைக்காரர் அசடு வழிந்தபடி இழுப்பறையைத் திறந்தார். 'வர்றதே நின்றுபோன' பின்கள் குவியலாகக் கிடந்தன.

கணவன் ஒயரைப் பிடித்துக்கொள்ள, அக்கா புதுப் பின்னை இறுக்கிப் பொருத்தினாள். விளக்கு நின்று எரிந்தது.

"வண்டியில கருகினது ஒரு பின்னுதான்," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "மூளையும் துருப்பிடிச்சுப் போறதுக்குள்ள அதையும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கய்யா. அதுக்கு உதிரிபாகம் எந்தக் கடையிலயும் கிடைக்காது!"