மோதிரத்தில் ஏறிய ஆராய்ச்சி

நஸ்மீர் மூன்றாவது தடவையாகப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். பஞ்சு இருந்தது. பஞ்சுக்குள் இருக்க வேண்டிய இரும்புக் குச்சி இல்லை.

"உம்மா, இதுக்குள்ள இருந்த சாமான் எங்க?"

"அதையா? நகை செய்ற கனகரெத்தினத்துக்கிட்டக் குடுத்துட்டன் மகன்" என்றார் சல்மா உம்மா, மீனைக் கழுவியபடி. "நுனியில வைரம் இரிக்கெண்டு நீதானே சொன்ன? வைரத்த இரும்புல வெச்சி என்னத்துக்கு? கழட்டி மோதிரம் அடிக்கச் சொன்னன். போன வெள்ளிக்கிழம உனக்குப் பேசின றிஸ்லாட விரல்ல போட்டமே, அதுதான்."

நஸ்மீர் கதிரையில் உட்கார்ந்தான்.

அவன் இங்கிலாந்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவன். விமான இயந்திரப் பாகங்களைத் தீட்டுவது சாணைக்கல். அந்தச் சாணைக்கல் மழுங்கினால் அதைத் தீட்டுவது அந்தக் குச்சி. பத்து மாதம் கல்லோடு உராய்ந்ததில் வைரத்தின் நுனி எவ்வளவு தேய்ந்தது என்பதுதான் அவனுடைய கடைசி அத்தியாயம். கலியாணத்துக்கு ஊருக்கு வந்த இடத்தில், அதை அளக்க நாளைக் காலை கண்டியில் ஒரு நுணுக்குக்காட்டிக்கு நேரம் எடுத்திருந்தான். நுனியில் அரம் ஒரு தரம் பட்டிருந்தாலும் மூன்று வருடம் வீண்.

கனகரெத்தினத்தின் கடை பூட்டியிருந்தது. கோயில் தீர்த்தத்துக்குப் போயிருக்கிறார், பின்னேரம்தான் வருவார் என்றார் பக்கத்துக் கடைக்காரர். பொறுத்திருக்கலாம். ஆனால் தன் மூன்று வருடம் இன்னொருவர் விரலில் இருக்கும்போது எவனுக்குப் பொறுமை வரும்? நேரே பெண் வீட்டுக்குப் போனான்.

நிக்காஹுக்கு முன் மாப்பிள்ளை தனியாக வந்து வாசலில் நின்றால் கல்முனைக்குடியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கலியாணம் குழம்பப் போகிறது. றிஸ்லாவின் வாப்பா பக்கீர் முகைதீனின் முகம் கறுத்தது. மகளுக்குச் சீதனமாகக் கட்டும் வீட்டுக்கு வாங்கி அடுக்கிய டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவே அவனை உட்கார வைத்தார்.

"என்ன மருமகன், திடீரெண்டு?"

"ஒண்டுமில்ல மாமா. மோதிரம் அளவு சரியா எண்டு பாக்க..."

கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து றிஸ்லாவின் குரல் வந்தது. "அளவு சரிதான் வாப்பா."

"அப்ப, ஒருக்காக் கழுவிக் குடுக்கலாமெண்டு..."

"புது மோதிரத்தையா?"

நஸ்மீருக்குப் பொய் ஓடாது. உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்தான்.

"மாமா, அந்த வைரம் பத்து மாசம் சாணைக்கல்லோட உரஞ்சது. எவ்வளவு தேஞ்சிரிக்கெண்டு பாக்கணும்."

மாமா எழுந்துவிட்டார். "என்ட புள்ளைக்குத் தேஞ்ச கல்லா போட்டீங்க?"

"தேஞ்சாலும் வைரம் மாமா! பிளேன் சாமான் செய்யப் பாவிச்ச வைரம்."

"பாவிச்சதா!"

வாயைத் திறக்கத் திறக்க நிலைமை மோசமாகிக்கொண்டு போனது. மாமா கண்ணைச் சுருக்கினார். "அது வைரந்தானா எண்டே எனக்கு இப்பச் சந்தேகம். புடிபட்டுருமெண்டுதான் திருப்பிக் கேக்க வந்தீங்களா?"

நஸ்மீருக்கு ரோசம் வந்தது. 'கல்லுத் தீட்டவா சீமைக்குப் போன?' என்று ஊரே சிரித்ததை இதுவரை பொறுத்திருந்தான். இப்போது வைரமும் பொய்யாம்.

"வல்லாஹி மாமா! அந்த மோதிரத்துல இரிக்கிறது அசல் வைரம். இல்லாட்டி இந்தக் கலியாணமே வேணாம்!"

அல்லாஹ் மீது சத்தியம் வந்ததும் மாமாவின் முகம் மெல்லத் தெளிந்தது. உள்ளேயிருந்து தேத்தண்ணியும் தொதலும் வந்தன. அதே தட்டில் மோதிரமும் இருந்தது. றிஸ்லா ஒரு கேள்வி கேட்காமல் கழற்றி அனுப்பியிருந்தாள். இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நஸ்மீருக்கு மனம் நெகிழ்ந்தது.

"சத்தியம் பண்ணிட்டீங்க, சரி" என்றார் மாமா. "இருந்தாலும் அடிச்ச மனிசன்ட வாயாலயும் ஒரு வார்த்த கேப்பம். போன் பண்ணிட்டன், கோயிலால வந்துட்டாராம்."

நஸ்மீர் மோதிரத்துக்குக் கையை நீட்டும்போது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நெற்றி நிறையத் திருநீறோடு உள்ளே வந்த கனகரெத்தினம், நஸ்மீரைக் கண்டதும் முகம் மலர்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"தம்பியும் இங்கயா? நல்லதாப் போச்சு. போற வழியில உங்கட வீட்ட குடுக்கத்தான் எடுத்து வந்தன். இந்தாங்க உங்கட இரும்பு, நான் அரமே வெக்கல்ல. இந்தக் கறுத்த கல்லப் போய்ப் பொம்புளப் புள்ளைக்குப் போடுறதா? உம்மாட்டச் சொல்ல மறந்துட்டன், மோதிரத்துக்கு நல்ல பளபளப்பான கண்ணாடிக் கல்லா ஒண்டு பாத்துப் போட்டுட்டன்."