பிடுங்காத டாக்டர்

உலகத்தில் எத்தனையோ பல் டாக்டர்கள் இருக்கலாம். பல்லைப் பிடுங்கச் சொல்லி வந்தவரிடம் மன்றாடி, அதே பல்லோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தவர் எங்கள் தென்காசி டாக்டர் ஒருவர்தான். ஊரில் அவருக்குப் ‘பிடுங்காத டாக்டர்’ என்று பெயர். பாராட்டாக வைத்த பெயர் இல்லை.

சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள், வந்ததோடு வந்ததாக ஒரு பல்லையும் எடுத்துவிட்டுப் போகலாம் என்று திட்டம் போட்டு வருவார்கள். சுரண்டையிலிருந்து தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்த ஒருவர், எல்லாப் பல்லோடும் திரும்ப நேர்ந்த அவமானத்தில், “இவருக்குப் பிடுங்கத் தெரியாதுடே” என்று வாசலில் நின்று அறிவித்துவிட்டே போனார்.

நான் போனபோது என் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. காதோரம் குத்து, நெற்றிப்பொட்டில் இடி. அதற்கு முன் பார்த்த காது டாக்டர், காதில் கோளாறு இல்லை என்றார். வேறொரு பல் டாக்டர் கடைவாய்ப் பல்தான் காரணம் என்று ஒன்றைப் பிடுங்கினார். வலி அசையவில்லை. பக்கத்துப் பல்லுக்கு நாள் குறித்தார். புரோட்டாவைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிய நான், இரண்டு மாதமாகக் கஞ்சியில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

பிடுங்காத டாக்டர் என் பல்லைப் பார்த்துவிட்டு, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடச் சொன்னார். ‘டக்’ என்றது. தொலைந்த சாவி கிடைத்தவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. என்ன தொழில் என்று கேட்டார். நகைச்சுவை எழுதுகிறேன் என்றேன். உடனே ஒரு தாளை நீட்டினார்.

“இங்கன உக்காந்து நாலு வரி எழுதுங்க அண்ணாச்சி.”

எழுதினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிரிப்பு எழுதுத ஆளா நீங்க? ஆளை வெட்டப் போறவன் மாதிரில்லா பல்லைக் கடிக்கீங்க.”

கோளாறு பல்லில் இல்லை, தாடை மூட்டில் என்றார். வெந்நீர் ஒத்தடம், மெதுவான சாப்பாடு, கொட்டாவி வந்தால் தாடைக்கு அடியில் கை. எல்லாவற்றுக்கும் மேலாக, உதடு சேரலாம், பல் சேரக்கூடாது. இதோடு விட்டாரா? ஐந்தருவி வரிசையில் நிற்கும்போது போன் வரும். “பல்லு தொட்டுக்கிட்டிருக்கா?” என்பார். வேறு பேச்சே கிடையாது. “விட்டுட்டேன் டாக்டர், சத்தியமா விட்டுட்டேன்” என்று நான் சொல்வதைக் கேட்டு, ஏதோ பெரிய கெட்ட பழக்கத்தை ஒழித்துவிட்டேன் என்று என் மனைவி சாமிக்கு நேர்ந்துகொண்டாள்.

வாய் நிறையப் புரோட்டா தின்ற வாரம் நன்றி சொல்லப் போனேன். இந்த வித்தையை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். மேசையில் இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். உள்ளே சொத்தை விழாத ஒரு பல்.

“காலேஜ்ல சொல்லித்தான் தந்தாங்க. நாந்தான் பரீட்சையோட மறந்துட்டேன். இதே வலின்னு வந்த மொத ஆளுக்கு நல்ல பல்லைப் பிடுங்கிட்டேன்.”

யாருக்கு என்றேன். வாசலோரம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார்.

“எனக்குத்தான். அதுக்குப் பொறவு ஒரு வருசம் புஸ்தகமும் கையுமால்லா கெடந்தாரு.”

அந்த அம்மா சிரித்தபோது கடைவாயில் அந்த இடைவெளி தெரிந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. குப்பியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

பிடுங்க நாள் குறித்த என் பல் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. போனில் அவர் பெயரைப் பார்த்தாலே, எடுப்பதற்கு முன்பே பற்கள் விலகிக்கொள்கின்றன. நாலு நாள் அவர் கூப்பிடவில்லை என்றால் நானே கூப்பிட்டு, “தொடலை டாக்டர்” என்று சொல்லிவிட்டு வைக்கிறேன்.